மவுன்டன் பைக்கில் ட்ராப் ஹேண்டில்பார்: வாங்கும் முன், பொருத்தும் முன்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். டிடிஆர்4 ராமை டிடிஆர்5 மதர்போர்டில் செருக முடியாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது. நாம் தவறு செய்யாதபடி ஹார்ட்வேரே தடுத்துவிடுகிறது. சைக்கிள் பாகங்களில் இந்தப் பாதுகாப்பு குறைவு. பொருந்தாத பாகமும் அழகாக உட்கார்ந்துகொள்ளும். அது பொருந்தவில்லை என்பது சரிவில் இறங்கும்போதுதான் தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமை மவுன்டன் பைக். சில மாதங்களுக்கு முன் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. எண்டர், ஷிப்ட், பேக்ஸ்பேஸ் எல்லாமே சுண்டுவிரலின் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். எண்டர் கீயை அழுத்தினேனா இல்லையா என்பதையே திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. மவுஸ்தான் காரணம் என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள்?”

அந்த இரண்டு விரல்களுக்கும் போகும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் அடிப்பகுதி வழியாகச் செல்கிறது. நேரான ஹேண்டில்பாரில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் கையை ஊன்றினால் அந்த நரம்பு நசுங்கும். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது பழக்கமான தொல்லையாம். சைக்கிளை விட வேண்டும், அல்லது கையை அடிக்கடி இடம் மாற்றி வைக்க வழி செய்ய வேண்டும் என்றார். (உங்களுக்கும் விரல் மரத்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அதன் பிறகு ஸ்பேனரை எடுக்கலாம்.)

ரேஸ் சைக்கிள்களில் ஆட்டுக்கொம்பு போல வளைந்திருக்குமே, அதுதான் ட்ராப் ஹேண்டில்பார். மேலே நேரான பகுதி, பிரேக் லீவரின் ரப்பர் மூடி, கீழ் வளைவு என்று கை வைக்க மூன்று இடங்கள் கிடைக்கும். லீவர் மூடியின் மேல் கை வைக்கும்போது, ஒருவரோடு கைகுலுக்குவது போல மணிக்கட்டு இயல்பாக இருக்கும்.

மவுன்டன் பைக்கில் இதைப் பொருத்துவது புதுமை இல்லை. மவுன்டன் பைக் பிறந்த மாரின் கவுன்டியிலேயே, 1979-ல் சார்லி கன்னிங்ஹாம் தான் செய்த அலுமினிய மவுன்டன் பைக்கில் ட்ராப் பார்தான் வைத்தார். 1987-ல் பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-1 இதே பாருடன் விற்பனைக்கு வந்தது. 1990-ல் ஜான் டோமாக் இதைப் பிடித்துக்கொண்டு மவுன்டன் பைக் பந்தயங்களில் ஓடினார். பிறகு பல வருடங்கள் இது ஃபேஷனில் இல்லை. 2008-ன் இறுதியில் ட்ராப் பாருக்காகவே வடிவமைக்கப்பட்ட சால்சா ஃபார்கோ வந்த பிறகு மீண்டும் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

எந்த ஃப்ரேம்?

பணம் இருந்தால் ஃபார்கோ போன்ற ஒன்றை வாங்கிவிடுங்கள், தலைவலி இல்லை. என்னிடம் அவ்வளவு பட்ஜெட் இல்லாததால் 1998 மாடல் ஸ்டீல் மவுன்டன் பைக் ஒன்றை 180 டாலருக்குப் பழைய சாமானாக வாங்கினேன். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. 26 இன்ச் சக்கரம், வி-பிரேக், பின்னால் 9 கியர்.

பழையதை வாங்கியதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. இன்றைய மவுன்டன் பைக்குகளின் ஃப்ரேம் நீளமானது. அகலமான நேர் பாரும் மிகக் குட்டியான ஸ்டெம்மும் வைத்து ஓட்டுவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதில் ட்ராப் பாரை வைத்தால் கை இன்னும் முன்னால் போய்விடும். ஸ்டெம்மைக் குறைக்கலாம் என்றால் அது ஏற்கெனவே குட்டி. பழைய ஃப்ரேம்களில் நீளமான ஸ்டெம் இருக்கும். குறைக்க இடம் உண்டு.

எக்செல்லில் ஒரு சின்ன ஷீட் போட்டுக்கொண்டேன். ஃப்ரேமின் மேல் குழாய் (கிடைமட்டமாக அளக்க வேண்டும்) 570 மி.மீ., பழைய ஸ்டெம் 120, மொத்தம் 690. புதிய ஏற்பாட்டில் 570, ஸ்டெம் 50, ட்ராப் பார் முன்னால் நீளும் தூரம் 75, மொத்தம் 695. லீவர் மூடியில் கை இன்னும் சற்று முன்னால் விழும். அதை ஈடுகட்ட, மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்டெம் வாங்கிப் பாரை உயர்த்தினேன். பார் வாங்கும்போது கீழ் வளைவு வெளிப்பக்கம் விரிந்திருக்கும் வகையைக் கேளுங்கள். கரடுமுரடான பாதையில் பிடி நன்றாகக் கிடைக்கும்.

உங்கள் பைக்கில் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருந்து அதைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. புதிய ரிஜிட் ஃபோர்க்கின் உயரத்தை, அதாவது சக்கர அச்சிலிருந்து மேல் கிரீடம் வரை, அளந்து வாங்குங்கள். 20 மி.மீ. குறைந்தால் முன் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி நிமிரும், பெடலும் தரைக்கு நெருக்கமாக வரும். சஸ்பென்ஷனுக்கு ஈடாக உயரம் கூட்டிச் செய்த ரிஜிட் ஃபோர்க்குகள் கிடைக்கின்றன.

ஒரு லீவர், இரண்டு வேலை

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

பழைய பிரேக் லீவரையும் கியர் ஷிப்டரையும் அப்படியே ட்ராப் பாருக்கு மாற்ற முடியாது. நேர் பாரின் பிடிப் பகுதி 22.2 மி.மீ., ட்ராப் பார் 23.8 மி.மீ. கிளாம்ப் ஏறாது. இங்கே ஹார்ட்வேர் நம்மைத் தடுத்துவிடுகிறது. எனவே, பிரேக்கும் கியரும் சேர்ந்த ஷிமானோ 9 கியர் ரோடு லீவர் ஒரு ஜோடியை வாங்கிப் பொருத்தினேன்.

கியர் பிரமாதமாக மாறியது. ஷிமானோவின் 9 கியர் ரோடு ஷிப்டரும் 9 கியர் மவுன்டன் டிரெய்லரும் ஒரே அளவு கேபிளை எதிர்பார்ப்பவை. (10 கியர் மவுன்டன் டிரெய்லர் வந்தபோது இந்த ஒற்றுமை போய்விட்டது. ஒரே கம்பெனி என்று நம்பி வாங்காதீர்கள்.) கியர் சரியாக வேலை செய்ததால், அதே லீவரில் இருக்கும் பிரேக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். மானிட்டரில் படம் வந்துவிட்டதால் ஸ்பீக்கரும் பாடும் என்று நினைப்பது போலத்தான் இது.

வி-பிரேக்குக்கு, ரோடு பிரேக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிள் இழுக்கப்பட வேண்டும். ரோடு லீவரால் அவ்வளவு இழுக்க முடியாது. கட்டையை ரிம்முக்கு மிக நெருக்கமாக வைத்தால் வீட்டு வாசலில் பிரேக் பிடிக்கும். நானும் வாசலில்தான் சோதித்தேன்.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே தமால்பாயஸ் என்று 784 மீட்டர் உயர மலை இருக்கிறது. 1896 முதல் 1930 வரை அதில் ரயில் ஓடியது. தண்டவாளத்தை எடுத்துவிட்ட அந்த மண் பாதையில் இப்போது சைக்கிள் போகலாம். ரயில் பாதை என்பதால் சரிவு மென்மையானது, ஆனால் நீளமானது. இறங்கி வரும்போது சக்கரம் ஒரு கல்லில் மோதி ரிம் கொஞ்சம் கோணியது. கட்டை உரசியதால் கேபிளைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வளைவில் ஒரு அப்பாவும் சிறுமியும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முழு பலத்துடன் லீவரை இழுத்தேன். அது ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. வேகம் குறையவில்லை.

மலைப் பக்கமாக இருந்த புதருக்குள் சைக்கிளைத் திருப்பினேன். முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். அந்த அப்பா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவருடைய மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மீதித் தூரம் முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன்.

இதற்குத் தீர்வுகள் பல. கேன்டிலீவர் பிரேக் அல்லது மினி-வி பிரேக்குக்கு மாறலாம். இரண்டும் ரோடு லீவருக்கு ஒத்துவரும். நான் வி-பிரேக்கை வைத்துக்கொண்டு லீவரை மாற்றினேன். டெக்ட்ரோ ஆர்எல்520 என்பது ட்ராப் பாரில் மாட்டக்கூடிய, ஆனால் வி-பிரேக்குக்கு வேண்டிய அளவு கேபிளை இழுக்கும் லீவர். அதில் கியர் இல்லை என்பதால், பாரின் முனையில் செருகும் 9 கியர் ஷிப்டர் தனியாக வாங்கினேன். டிஸ்க் பிரேக் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கேபிளில் இயங்கும் டிஸ்க்கில் டிஆர்பி ஸ்பைர் ரோடு லீவருக்கு, ஸ்பைக் மவுன்டன் லீவருக்கு. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

புதிய பிரேக்கைச் சோதிக்கும் முறை: சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, முன் லீவரை முழு பலத்துடன் அழுத்திக்கொண்டே சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். லீவருக்கும் பாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடியும் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.

கியர் கணக்கு

முன்பக்கம் மூன்று பல் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஒன்று மட்டும் வைத்தேன். ரோடு ஷிப்டரும் மவுன்டன் முன் டிரெய்லரும் ஒத்துப்போகாத தொல்லை இதனால் தீர்ந்தது. எத்தனை பல் என்பதற்கு மறுபடியும் எக்செல். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று வரும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, சைக்கிளை ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 2.07 மீட்டர். முன்னால் 30, பின்னால் 34 என்றால் 1.83 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 6.6 கி.மீ.; ஏற்றத்தில் மூச்சு வாங்காது. பின்னால் 11 என்றால் 5.65 மீட்டர். 90 சுற்றில் மணிக்கு 30 கி.மீ. வரும். அந்தப் பாதையில் வேக வரம்பே மணிக்கு 24 கி.மீ.தான். எனக்கு அதற்கு மேல் ஆசையும் இல்லை.

கடைசியாக டயர். ஸ்பிரிங் இல்லாத பைக்கில் டயர்தான் சஸ்பென்ஷன். 26 இன்ச் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். அந்தப் பெயரில் வேறு வேறு அளவுகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் 52-559 என்பது போல அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண் ரிம்முடன் ஒத்துப்போக வேண்டும். என் எடை 68 கிலோ. முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன். 40-ல் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் 2 குறைத்து இந்த இடத்துக்கு வந்தேன். 26 வைத்த அன்று ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழுந்தது.

பைக்கை மாற்றி நான்கு மாதம் ஆகிறது. மோதிரவிரலில் மரப்பு இப்போது இல்லை. சுண்டுவிரலின் நுனியில் மட்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், லேசாக வருகிறது. ஸ்டெம்முக்குக் கீழே இன்னும் 10 மி.மீ. ஸ்பேசர் போடலாமா என்று பார்த்தால், ஃபோர்க்கின் குழாயைப் பழைய சொந்தக்காரர் கட்டையாக அறுத்து வைத்திருக்கிறார். வேறு ஸ்டெம் தேடிக்கொண்டிருக்கிறேன்.