‘வேணாம்ணா’ என்று சொல்லப் பழக்குவோம்

பார்த்தால் சின்னத் தேயிலைப் பை மாதிரி இருக்கும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. புகை கிடையாது, புதினா வாசம் வேறு. ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, மூன்றாவது பெஞ்சில் ஒருவன் வாயில் புகையிலை ஊறிக்கொண்டிருக்கும். ‘கூல் லிப்’ என்று மாணவர்கள் சொல்லும் இதைப் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை உண்டு. இருந்தும் இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகின்றன.

செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. ஊருக்கே பெருமை. ஆனால் செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்துக்கு ஆறாத காயம் ஒன்றும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு ஜூனில், 2019 வரை இம்மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்குப் போதையின் கேட்டை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தன் முன்னே அது நீட்டப்படும்போது என்ன செய்வது என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

போதை ஒழிப்பு நாளான ஜூன் 26-ல் பேரணி, கையில் பதாகை, உறுதிமொழி. 2022 ஆகஸ்டில் தமிழக அரசும் மாநிலம் முழுக்க உறுதிமொழி எடுக்கவைத்தது. இவை தேவைதான், ஆனால் போதாது. அமெரிக்காவில் 1983-ல் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கி, போலீஸார் வகுப்பறைக்கே வந்து பாடம் எடுத்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அந்தப் பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது. பயமுறுத்தும் பேச்சு மட்டும் பலன் தராது, மறுக்கும் திறனைப் பழக்க வேண்டும் என்பதே ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் தரும் வழிகாட்டல்.

எப்படிப் பழக்குவது? வகுப்பில் இரண்டு மாணவர்களை எழுப்பி நடிக்கவிடலாம். டியூஷன் முடிந்து வரும் வழி. “ஒண்ணு போட்டுப் பாருடா, ஒண்ணும் ஆகாது” என்கிறான் தெரு அண்ணன். “வேணாம்ணா, நாளைக்கு மேட்ச் இருக்கு.” இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். “பயந்தாங்கொள்ளியாடா நீ?” என்ற அடுத்த கேள்வியில்தான் பையன் தடுமாறுவான். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். ஆசையைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெறச் சுமார் 25 வயதாகிறது. அதனால்தான் 13 வயதில் தொடும் நிகோட்டின் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை.

பள்ளி விட்டபின் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதும் முக்கியம். ஐஸ்லாந்தில் 1998-ல், 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்து போதையேறியவர்களாக இருந்தனர். விளையாட்டுக்கும் இசை வகுப்புக்கும் அரசு பணம் ஒதுக்கியது. பெற்றோர் கூடிப் பேசினர். இரவில் சுற்றுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2016-ல் அந்த 42 சதவீதம் 5 சதவீதமாகக் குறைந்தது. செஞ்சியிலும் மாலையில் பயிற்சியாளரோடு திறந்திருக்கும் ஒரு மைதானம், பல பேரணிகள் செய்யாததைச் செய்யும்.

ஏற்கெனவே சிக்கிய பிள்ளையை டி.சி. கொடுத்து அனுப்புவது, போதைப்பொருள் விற்பவனிடமே அவனை ஒப்படைப்பதாகும். பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் சிறார்கள் நாட்டில் சுமார் 4.6 லட்சம் பேர் என்று 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு கணக்கிட்டது. அடிமைப் பழக்கம் ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்று காட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்த அவர், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார்.

மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய இலவச எண் உண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ன் சட்டம். சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இந்த இரண்டு சட்டங்களையும் எடுத்துச் சொல்லி, பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவரலாம்.