வாடகை குறைவு, வழி நீளம்

புதிய கிடங்குக்கு இடம் தேடுகிறோம் என்றதும் எங்கள் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். எங்களுடையது மளிகைப் பொருள்களை மொத்தமாக விற்கும் சிறிய நிறுவனம். பருப்பும் மசாலாவும் கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கி ஷா ஆலாம், பூச்சோங், பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போகின்றன. எந்த லோரி எந்த வழியில் போவது என்று திட்டமிடுவது என் வேலை.

வெஸ்ட்போர்ட்ஸ் இருக்கும் புலாவ் இண்டாவில் ஓர் இடம் மலிவாகக் கிடைத்தது. துறைமுகமே பக்கத்தில் இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்றார் முதலாளி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், 40 அடிக் கொள்கலனில் 24 டன் சரக்கு ஒரே நடையில் கிடங்குக்கு வந்துவிடும். அதையே கடைகளுக்குக் கொண்டுசேர்க்க 3 டன் லோரிகள் எட்டு நடை போக வேண்டும். அப்படியென்றால் கிடங்கு எதற்கு அருகில் இருக்க வேண்டும், கப்பலுக்கா கடைக்கா?

புக்கிட் ராஜாவில் பார்த்த இடம் கடைகளுக்கு 25 கிலோமீட்டர் நெருக்கம். எட்டு லோரிக்கும் போக வர நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் மிச்சம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 80 லிட்டர் டீசல். கொள்கலன் லோரி கூடுதலாக ஓடும் தூரத்துக்கு 25 லிட்டரைக் கழித்தாலும் 55 மீதி. மாதம் 26 நாளுக்கு 1,430 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக, மாதம் 3.8 டன்னுக்குமேல் குறைகிறது. டோல், டயர் தேய்மானம் எல்லாம் தனி.

சுற்றுச்சூழல் என்றாலே கூரையில் சூரியத் தகடு பதிப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால், தூரத்தில் கட்டிய கிடங்கின் லோரி ஓட்டத்தை அந்தத் தகடு குறைக்காது.

மூன்றாவதாக, ஷா ஆலாம் தமான் ஸ்ரீ மூடா பக்கம் ஓர் இடம் வந்தது. கடைகளுக்கு இன்னும் நெருக்கம், வாடகையும் தோது. ஆனால் 2021 டிசம்பர் வெள்ளத்தை அங்கே யாரும் மறக்கவில்லை. பருப்பு மூட்டை ஒருமுறை வெள்ளத்தில் ஊறினால் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதை விளைவிக்கவும் கப்பலேற்றவும் செலவான எரிபொருளும் அதோடு போய்விடும். அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

முதலாளி இரண்டு நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாடகை வித்தியாசத்தில் பெரும்பகுதியை டீசலும் டோலும் ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"லோரி பையன்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டார்.

"இப்போதைய கணக்குப்படி, புலாவ் இண்டாவைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே."

மறுவாரம் புக்கிட் ராஜாவுக்கு முன்பணம் கட்டினோம்.