லேப்டாப் திடீர்னு ஆஃப் ஆகுதா? காரணம் சூடா, ரேமா?

“பத்து நிமிஷம்தான் ஓடுது, அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது. ரேம் போயிடுச்சுன்னு சொல்றாங்க!” கோடை வந்தால் லேப்டாப் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ரேமை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மறுநாளும் அதே கதை. காரணம், அதிகச் சூடும் பழுதான ரேமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அறிகுறிகளைக் காட்டும். எது என்று பார்க்காமல் பாகத்தை மாற்றினால் காசு வீண். கண்டுகொள்ளாமல் விட்டாலோ, உள்ளே இருக்கும் கோப்புகளே கெட்டுப்போகலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஏன் கூடுதல் கவனம்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்தக் காலத்து லேப்டாப் அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி இன்னும் ஓடுகிறது என்றால், அதன் வயதையே முதலில் சந்தேகப்பட வேண்டும். பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் தெர்மல் பேஸ்ட், சில வருடங்களில் காய்ந்துபோகும்.

அடுத்தது தூசி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் உள்ளன. அங்கே பட்டறையிலோ அலுவலகத்திலோ இருக்கும் லேப்டாப்பின் ஃபேன், காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். இரும்புத் துகள் கலந்த தூசி என்றால் ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு.

சூடு என்றால் எப்படித் தெரியும்?

முதலில் ஃபேன் இரைச்சல் போடும். பிறகு வேகம் குறையும். பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால், கருகிப்போகாமல் இருக்க ‘பட்’டென்று அணைந்துவிடும். உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரம் அணையும். அரை மணி நேரம் ஆறவைத்தால் ஓடும்.

ரேம் என்றால்?

காலையில் ஜில்லென்று இருக்கும்போதே தகராறு செய்யும். நீலத் திரை வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச் செய்தி காட்டும். செயலிகள் தானாக மூடிக்கொள்ளும். சில நேரம் ‘பீப்’ சத்தம் மட்டும் வரும், திரையில் ஒன்றும் வராது.

இரண்டும் சேர்ந்தே வரலாமா?

வரலாம். ரேம், தகவலை நுண்ணிய மின்னேற்றமாகத்தான் வைத்திருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு வேகமாகும். 32 மில்லி செகண்டுக்குள் புதுப்பிக்க வேண்டியிருக்கும். எனவே பலவீனமான ரேம், குளிர்ச்சியில் பாஸ் ஆகி சூட்டில் ஃபெயில் ஆகலாம்.

எந்த வரிசையில் சோதிப்பது?

1. முதலில் பேக்கப். லேத் பட்டறையின் ஜிஎஸ்டி கணக்கோ, மாணவியின் ப்ராஜெக்டோ, முக்கியமானதை பென் டிரைவில் புதிய ஃபோல்டரில் போடுங்கள். பழைய நகலை அழிக்காதீர்கள். ரேம் கெட்டிருந்தால் புதிய நகலிலும் பிழை இருக்கக்கூடும்.

2. மெத்தை, தலையணை வேண்டாம். மேசை மேல் வைத்து, இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். எந்த வேலையும் கொடுக்காதபோதே 80, 90 டிகிரி காட்டினால் சூடுதான் பிரச்சினை.

3. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, தூசியை எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வாரண்டி இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். பேட்டரி உப்பி டச்பேட் மேலெழுந்திருந்தால் அதற்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

4. சூடு அடங்கியும் தகராறு தொடர்ந்தால், ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’கை ஓட்டுங்கள். ‘மெம்டெஸ்ட்86’-ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். ஆறியிருக்கும்போது ஒருமுறை, நன்கு ஓடிச் சூடான பிறகு ஒருமுறை சோதியுங்கள்.

5. பிழை வந்தாலும் உடனே புது ரேம் வாங்க வேண்டாம். கழற்றி மீண்டும் பொருத்தினாலே சில நேரம் சரியாகும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால், கோளாறு போர்டில் இருக்கலாம். சில மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைச் சாதாரணமாக மாற்ற முடியாது.

இரண்டிலும் குறை இல்லையென்றால் சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகியுங்கள்.

கடைக்குப் போனால் “ரேம் எவ்வளவு?” என்று ஆரம்பிக்காதீர்கள். “டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுது? மெமரி டெஸ்ட் ரிசல்ட் என்ன?” என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.