தெய்வத்தைச் சிரிக்க வைத்தவர்கள்

பழங்கிரேக்க வழிபாட்டில் கேலிக்கும் வசவுக்கும் முறைப்படி ஓர் இடம் இருந்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் யாரை ஏசலாம் என்பதெல்லாம் பலியையும் நோன்பையும் போலவே வகுக்கப்பட்டிருந்தது. பளிங்குத் தூண்களையும் தத்துவ நூல்களையும் கொண்டு மட்டும் கிரேக்கர்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதே இல்லை.

மகள் பெர்சிபோனியைப் பறிகொடுத்த விளைச்சல் தேவி டிமீட்டர், கிழவி வேடத்தில் எலியூசிஸ் அரசன் வீட்டுக்கு வருகிறாள். பளபளக்கும் ஆசனத்தை மறுத்துவிட்டு, ஆட்டுத்தோல் விரித்த எளிய இருக்கையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்கிறாள். சோறு தண்ணீர் இல்லை, பேச்சும் இல்லை. அந்த வீட்டில் ஐயாம்பே என்றொரு பெண் இருக்கிறாள். அவள் கேலி பேசப் பேச, தேவி முதலில் புன்னகைக்கிறாள், பிறகு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதன் பின்னரே பார்லியும் தண்ணீரும் புதினா இன இலையும் கலந்த பானத்தை வாங்கிக் குடித்து நோன்பை முடிக்கிறாள். கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் டிமீட்டர் துதிப்பாடல் இதைச் சொல்கிறது. ஐயாம்பே என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஓர்ஃபியஸ் பெயரால் வழங்கிய மரபில் அவள் இடத்தில் பௌபோ வருகிறாள். ஆடையைத் தூக்கித் தன் உடலைக் காட்டியே அவள் தேவியின் துக்கத்தைக் கலைக்கிறாள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலுள்ள பிரீனியில், டிமீட்டர் கோயிலிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசித்திரமான சுடுமண் உருவங்கள் கிடைத்தன. கழுத்து இல்லை, மார்பு இல்லை. இரண்டு கால்களுக்கு நேர் மேலே ஒரு பெரிய முகம், அதற்கு மேல் கூந்தல். பௌபோ என்ற பெயரே அவற்றுக்கும் நிலைத்துவிட்டது. தெய்வத்தின் இடத்தில் வைக்கத் தகுந்த பொருளாக அந்தச் சிரிப்பூட்டும் உருவத்தை மக்கள் கருதியிருக்கிறார்கள்.

இந்தக் கதை ஆண்டுதோறும் பெண்களின் வாயில் உயிர்பெற்றது. இலையுதிர் காலத்தில், விதைப்புக்கு முன், மணமான பெண்கள் மட்டும் கூடி மூன்று நாள் தெஸ்மோபோரியா விழா எடுத்தார்கள். இரண்டாம் நாள் தரையில் அமர்ந்து உண்ணா நோன்பு. அந்த விழாவில் ஒருவரையொருவர் ஏசுவதும் கூசாமல் கொச்சை பேசுவதும் கடமை. ஐயாம்பே தேவியைச் சிரிக்க வைத்ததுதான் இதற்குக் காரணம் என்று கிரேக்கர்களே விளக்கம் சொன்னார்கள். மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணின் குரல் பொதுவில் கேட்கவே கூடாது என்று எண்ணிய சமூகம் அது. அதே பெண்கள் வாய்க்கு வந்ததைப் பேசினால்தான் நிலம் விளையும் என்றும் அந்தச் சமூகம் நம்பியது. குளிர்காலத்தில் வந்த ஹலோவா விழாவும் இப்படிப்பட்டதே. ஏஜினா தீவில் தாமியா, ஆக்செசியா என்ற இரு தேவியருக்குப் பெண்கள் குழுவாகப் பாடிய வசைப்பாட்டைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டு ஆண்களைத் தொடாது. உள்ளூர்ப் பெண்களை மட்டுமே ஏசும்.

ஆண்களுக்கான வசவு ஒரு பாலத்தில் காத்திருந்தது. ஏதென்ஸிலிருந்து எலியூசிஸ் வரை சுமார் 20 கிலோமீட்டர் நடந்து செல்லும் ஊர்வலம், வழியில் கெபிசஸ் ஆற்றைக் கடக்கும். தலையை மூடிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள், வருகிற பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லி ஏசுவார்கள். ஏச்சு வாங்கியவர் அதைக் கேட்டுக்கொண்டு மேலே நடக்க வேண்டியதுதான். கிரேக்க உலகின் மிகப் புனிதமான, மிக ரகசியமான சடங்குக்குப் போகும் பாதையில் இது நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மரணத்துக்குப் பின் நற்கதி தேடிப் போனவர்கள் முதலில் தங்கள் பெருமையைத் தெருவில் இழந்தார்கள்.

ரோட்ஸ் தீவின் லிண்டோஸில் முறை இன்னும் விசித்திரமானது. பசியோடு வந்த ஹெராக்ளிஸ், ஓர் உழவனின் எருதை அவிழ்த்து அறுத்துச் சமைத்துத் தின்கிறான். உழவன் எட்ட நின்று வாய் ஓயாமல் சபிக்கிறான். அந்த வசவைக் கேட்டுக்கொண்டே உண்டது போன்ற சுவையான விருந்து வேறில்லை என்று ஹெராக்ளிஸ் சிரிக்கிறான். அதனால் அங்கே அவனுக்குப் பலியிடும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் பலியிடுவார்கள். தவறி ஒரு நல்ல வார்த்தை வாயில் வந்துவிட்டால் சடங்கு கெட்டது! துதியை எதிர்பார்க்காத, வசவையே படையலாக ஏற்ற தெய்வம் இது.

கி.மு. 405இல் ஏதென்ஸில் டயோனிசஸுக்கு எடுத்த லெனாயா விழாவில் அரிஸ்டோபனீஸின் ‘தவளைகள்’ மேடையேறியது. அதில் டயோனிசஸே கோமாளி. பெண்கள் உடுத்தும் மஞ்சள் ஆடைமேல் ஹெராக்ளிஸைப் போலச் சிங்கத்தோல் போர்த்திக்கொண்டு, இறந்துபோன கவிஞர் யூரிபிடிஸை மீட்டுவரப் பாதாளம் போகிறான். வழியில் பூதம் தென்பட்டதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் சொந்தப் பூசாரியைப் பார்த்துக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். பாதாள வாசலில் பயத்தில் ஆடையை அசுத்தம் செய்துகொள்கிறான். தெய்வம் யார், உடன் வந்த அடிமை யார் என்று கண்டுபிடிக்க இருவருக்கும் சவுக்கடி விழுகிறது. அதே நாடகத்தில்தான் எலியூசிஸ் தீட்சை பெற்றவர்களின் குழு பக்திப் பாடல்களைப் பாடுகிறது. ஒன்றால் மற்றொன்று தீட்டுப்பட்டதாக எவரும் நினைக்கவில்லை. நாடகம் முதல் பரிசு பெற்றது.

இதே ஏதென்ஸ் தெய்வ நிந்தனைக்கு மரண தண்டனையும் விதித்தது. கி.மு. 415இல் ஒரே இரவில் நகரெங்கும் ஹெர்மீஸின் கற்சிலைகள் சிதைக்கப்பட்டன. தனியார் வீடுகளில் எலியூசிஸ் சடங்கை நடித்துக் கேலி செய்ததாகவும் புகார் கிளம்பியது. சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஓடினார்கள். தளபதி அல்கிபியாடிஸுக்கு அவர் இல்லாமலேயே மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, வானத்தில் பறவைகள் ஆட்சி அமைத்துப் பலியின் புகையை மறித்துத் தெய்வங்களைப் பட்டினி போடும் ‘பறவைகள்’ என்ற அரிஸ்டோபனீஸ் நாடகம் அதே ஊரில் அரங்கேறியது. அதற்கு இரண்டாம் பரிசு. ஊர் கூடி, விழா நாளில், பூசாரியின் கண்முன் செய்த கேலி தெய்வத்துக்கு உரியது. மூடிய கதவுக்குள் சிலர் தங்களுக்காகச் செய்த கேலி தெய்வத்திடமிருந்து திருடியது.

பார்மெனிஸ்கஸ் என்ற செல்வரின் கதை இந்த மனநிலையின் அடி ஆழத்தைக் காட்டுகிறது. திரோபோனியஸின் குகைக்குள் குறிகேட்க இறங்கி வந்த பின் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. டெல்பியில் அப்பல்லோவிடம் குறி கேட்டபோது, வீட்டிலிருக்கும் தாய் அதைத் தருவாள் என்று பதில் வந்தது. ஊர் திரும்பினார், தாயைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. பிறகு டெலோஸ் தீவுக்குப் போனவர், அப்பல்லோவின் தாய் லேட்டோவின் சிலையைக் காணப் பெரிய எதிர்பார்ப்போடு கோயிலுக்குள் நுழைந்தார். அங்கே இருந்தது உருவம் திருந்தாத ஒரு மரக்கட்டை. குபீரென்று சிரித்துவிட்டார். தெய்வம் சொன்ன தாய் யாரென்று அப்போதுதான் விளங்கியது. அதன் பின் அவர் அந்தத் தேவியைப் பெரிதும் போற்றினார் என்று ஆதெனேயஸ் பதிவு செய்கிறார். சந்நிதியில் சிலையைப் பார்த்துச் சிரித்தவரைத் தேவி குணப்படுத்தியிருக்கிறாள்!

எதிர்ப்புக் குரல்களும் உண்டு. ஹோமரின் தெய்வங்கள் அடக்கமாட்டாமல் சிரிப்பதை பிளேட்டோ கண்டித்தார். இந்த வசவுச் சடங்குகளெல்லாம் விளைச்சலுக்கான மந்திரம், அல்லது அடங்கியிருப்பவர்களுக்குக் கிடைத்த ஒரு நாள் விடுதலை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் சுருக்கினார்கள். ஆனால் இளையோர் காதில் ஆபாசம் விழக் கூடாது என்ற அரிஸ்டாட்டில்கூட, கேலியை மரபாக ஏற்கும் தெய்வங்களின் விழாக்களுக்கு விலக்கு அளித்திருக்கிறார்.

கவலை தருவது இந்தச் சிரிப்பு நமக்கு வந்துசேர்ந்த வழி. பௌபோவின் கதையை விரிவாகச் சொன்னவர்கள் அலெக்சாந்திரியா கிளெமென்ட்டும் அர்னோபியஸும். இருவரும் கிறித்தவ எழுத்தாளர்கள். பழைய மதம் எவ்வளவு கேவலமானது என்று நிரூபிக்கவே அதை எழுதினார்கள். ஹலோவா விழாவில் பெண்கள் பேசிய பேச்சைப் பற்றி முக்கியச் சான்று, லூசியன் நூலுக்குப் பின்னாளில் எழுதிய ஓரக்குறிப்புதான். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய வழிபாடுகளை ரோமப் பேரரசு தடை செய்தது. சில ஆண்டுகளில் எலியூசிஸ் கோயிலும் அழிந்தது. தத்துவத்தையும் காவியத்தையும் படியெடுத்துக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். பாலத்து வசவைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. பின்னர் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அரிஸ்டோபனீஸின் கொச்சையை மழுப்பினார்கள். இப்படி எஞ்சியதுதான் வெள்ளைப் பளிங்கில் முகம் இறுகிப்போன கிரேக்கத் தெய்வங்கள்.

மேற்கில் பழைய தெய்வங்களை மீட்டெடுக்க முயலும் இன்றைய குழுக்களுக்கும் இதே நட்டம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் டோரீன் வேலியன்ட் எழுதிய விக்கா வழிபாட்டுரை, களிப்பையும் பயபக்தியையும் அருகருகே வைத்துக் கேட்கிறது. 1960களில் அமெரிக்காவில் தோன்றிய டிஸ்கார்டியன் மார்க்கம், கலகத் தேவி ஏரிஸை முன்னிறுத்தி வழிபாட்டையே நகைச்சுவையாக்கியது. ஆர்வம் மெய்யானது. ஆனால் இவற்றில் கூடுபவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள்; ஒருவர் மற்றவருக்கு அதிகாரியோ கடன் கொடுத்தவரோ அல்ல. ஏதென்ஸில் பாலத்தின் மேல் உட்கார்ந்தவன் ஏசியது, மறுநாள் முதல் தன்னை ஆளப்போகிறவனை. டிமீட்டரின் பெயரால் அதைக் கேட்டுக்கொண்டு, பதில் பேசாமல் எலியூசிஸ் வரை நடந்துபோகும் ஓர் அதிகாரியை எந்த மீட்பு முயற்சியும் இன்னும் உண்டாக்கவில்லை.