சொல்லும் சொல்பவரும்

ஒரு கருத்தை மறுக்கப் புகுவோர் அதற்குரிய சான்றுகளை ஆராயாது, அதனைக் கூறியவரின் பிறப்பையோ ஒழுக்கத்தையோ பழித்து ஒதுக்குவது தருக்கப் போலிகளுள் ஒன்றாகும். பார்வைக்கு இது மறுப்பெனத் தோன்றும். ஆனால் கருத்து தீண்டப்படாமல் அப்படியே நிற்கும்.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர். ஜெர்மனியின் பிலிப் லெனார்டு 1905ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவரே ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டை யூத இயற்பியல் எனப் பழித்தார். சூரியனுக்கு அருகில் வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்பதை அக்கோட்பாடு முன்னரே கணித்திருந்தது; 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு அறிஞர்கள் அதனை அளந்து பார்த்தனர். கணித்தவரின் இனம் அவ்வளவை நூலிழையும் மாற்றாது. எனினும் 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இனப்பழிப்பே அரசின் கொள்கையாயிற்று. யூதப் பேராசிரியர்கள் பல்கலைக்கழகங்களினின்று நீக்கப்பட்டனர்.

இப்போலியின் மற்றொரு வடிவம் அன்றாடப் பேச்சில் மலிந்துள்ளது. தன்மேல் சாட்டிய குற்றத்தை விலக்காது, 'நீ மட்டும் என்ன?' என்று திருப்பிக் கேட்பதே அது. நியாய சூத்திரம் இதனை மதானுஞ்ஞை எனப் பெயரிட்டு, வாதத்தில் தோல்வி நேரும் 22 இடங்களுள் ஒன்றாக வைத்தது. எதிராளியிடம் அதே குற்றத்தைக் காட்டுபவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டவராகிறார் என்பது அதன் கருத்து.

ஆயினும் ஆளைப் பற்றிய வினா எங்கும் பிழையாகிவிடாது. நீதிமன்றத்தில் ஒருவர் 'நான் கண்டேன்' என்னும்போது, அவரது நம்பகத்தன்மையே அச்சாட்சியின் பிடிமானம். ஆகவே குறுக்கு விசாரணையில் அதனை வினவச் சட்டம் இடந்தருகிறது. அதே மனிதர் ஒரு கணக்கின் வழிமுறையை எழுதிக் காட்டுவாராயின், சரிபார்க்க வேண்டியது வழிமுறையை மட்டுமே; அங்கே அவரது வாய்மைக்கு வேலையில்லை.