கையிலே ஒரு குட்டித் திரை!

ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்கு மாடி வீடுகளில் சாயங்காலம் ஏழரை மணிக்கு நடக்கும் யுத்தத்தை நேயர்கள் அறிவார்கள். கூடத்தில் டெலிவிஷன் ஒன்று. உரிமை கொண்டாடுகிறவர்கள் மூன்று பேர். பாட்டிக்குத் தொடர் நாடகம், அப்பாவுக்குக் கிரிக்கெட், பிள்ளையாண்டானுக்கு வீடியோ கேம். ஜெயிப்பது பாட்டிதான் என்று சொல்லவும் வேண்டுமா?

"சண்டை எதற்கு? பையன் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரிலேயே ஒரு திரையைப் பதித்துவிட்டால் போச்சு!" என்று யாருக்கும் தோன்றும். பெரிய கம்பெனிக்காரர்களுக்கும் தோன்றியது. செய்தும் பார்த்துவிட்டார்கள்.

1998-ல் ஜப்பானில் ஸேகா கம்பெனி 'டிரீம்காஸ்ட்' என்ற மெஷினைக் கொண்டு வந்தது. அதன் கன்ட்ரோலரின் நெற்றியில் ஒரு ஜன்னல். ஒரு சின்னப் பெட்டியை உள்ளே செருகினால், அந்த ஜன்னல் வழியாகத் தபால் தலையைப் போல ஒரு கறுப்பு வெள்ளைத் திரை எட்டிப் பார்க்கும். குறுக்கே 48 புள்ளி, நெடுக்கே 32 புள்ளி; அவ்வளவுதான் படம்! ஆட்டத்தை எங்கே விட்டோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே அந்தப் பெட்டியின் முக்கிய உத்தியோகம். அதிலுள்ள பொத்தான் பாட்டரி தீர்ந்துவிட்டால், மெஷினைப் போடும்போதெல்லாம் 'கீ' என்று ஒரு கூச்சல் வேறு.

ஆனாலும் அந்த அற்பத் திரைக்கு ஒரு நியாயம் இருந்தது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், அடுத்த வியூகம் என்ன என்பதை எதிராளிக்குத் தெரியாமல் அதில் தேர்ந்தெடுக்கலாம். ரம்மி ஆடுகிறவர் சீட்டை விசிறி மாதிரி மார்போடு அணைத்துக்கொள்வதில்லையா, அதே சமாசாரம். பல்லாங்குழிக்கும் தாயக்கட்டத்துக்கும் இது தேவையே இல்லை. எல்லாம் தரையில் பகிரங்கமாகக் கிடக்கிறது. சீட்டாட்டத்துக்குத்தான் மறைவு வேண்டும். டிரீம்காஸ்டில் நான்கு பேர் ஆடினால் நான்கு பேருக்கும் தனித் திரை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். 2001-ல் அந்த மெஷினின் உற்பத்தியே நின்றுபோனது. அதற்குக் காரணம் பாவம், இந்தத் திரை அல்ல.

அடுத்து வந்தது நிண்டெண்டோ. 2012-ல் அவர்கள் விற்ற 'வீ யு' மெஷினின் கன்ட்ரோலர் சாப்பாட்டுத் தட்டுப் போல இருந்தது. நடுவே 6.2 அங்குலத் திரை; எடை அரைக் கிலோ. மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் பாட்டரி படுத்துவிடும். அதில் 'நிண்டெண்டோ லாண்ட்' என்ற தொகுப்பில் ஒரு பேய் விளையாட்டு உண்டு. பேயாக ஆடுகிறவருக்கு மட்டும் கைத் திரையில் பேய் தெரியும். டெலிவிஷனைப் பார்த்து ஆடும் மற்ற நால்வருக்கும் தெரியாது! பேய் பின்னால் வந்து நிற்க, கூடம் முழுவதும் அலறலும் சிரிப்புமாகக் கிடக்கும். பிரமாதமான யோசனை. ஆனால் இப்படி யோசித்துச் செய்த ஆட்டங்கள் சொற்பம். பெரும்பாலானவற்றில் கைத் திரை வெறும் வரைபடத்தையோ, மூட்டையிலுள்ள சாமான் பட்டியலையோ காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத் தலையைக் குனிந்தால் டெலிவிஷனில் எதிரி அடித்துவிடுவான். பந்து வீச்சாளர் ஓடி வரும்போது மட்டையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாரா?

வாங்க வந்தவர்களிலும் பலர், இது பழைய 'வீ' மெஷினுக்கு ஓர் உதிரிச் சாமான் என்றே எண்ணிவிட்டார்கள். பழைய மெஷின் 10 கோடிக்கு மேல் விற்றது. புதியது 1 கோடியே 35 லட்சத்தோடு சரி. 2017-ல் நிண்டெண்டோ புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. திரையைக் கன்ட்ரோலரிலிருந்து பிடுங்கி, மெஷினையே திரையாக்கிவிட்டது. அதுதான் 'ஸ்விட்ச்'. விற்பனை 15 கோடியைத் தாண்டிவிட்டது.

இப்போது ஸோனியின் முறை. கன்ட்ரோலரை இரண்டாகப் பிளந்து நடுவில் 8 அங்குலத் திரையைச் சொருகிய 'பிளேஸ்டேஷன் போர்ட்டல்' 2024-ல் இந்தியாவுக்கு வந்தது, 18,990 ரூபாய் விலையில். கூடத்திலுள்ள பிளேஸ்டேஷன் 5 மெஷினில் ஓடும் ஆட்டம் வைஃபை வழியாக இந்தத் திரைக்கு வருகிறது. டெலிவிஷன் பாட்டிக்கு, ஏழரை மணி யுத்தம் ஓய்ந்தது!

ஓய்ந்ததுதான், ஆனால் பையன் படுக்கையறைக்குப் போய்விட்டான். பேய் விளையாட்டில் கைத் திரை ஐந்து பேரைக் கூடத்தில் கட்டி வைத்தது. இங்கேயோ ஒருவனைத் தனியே கிளப்பிக்கொண்டு போகிறது. எதிராளியிடம் மறைக்க ஒரு சீட்டு இருந்தால் கையில் திரை இருக்கட்டும் என்பேன். டெலிவிஷன் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் என்றால் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. அதற்கு வேறொரு திரை ஏற்கனவே வீட்டில் எல்லார் கையிலும் இருக்கிறதே!

ஆமாம், செல்போனைத்தான் சொல்கிறேன். ஸோனியே இதற்கென்று ஒரு செயலியை இலவசமாகக் கொடுக்கிறது. பழைய கன்ட்ரோலரைப் போனோடு இணைத்து ஒரு வாரம் ஆடிப் பார்க்கட்டும். உங்கள் வீட்டு வைஃபை படுக்கையறை வரை ஒழுங்காக எட்டுகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பணத்தை எண்ணி வைப்பதை அப்புறம் யோசிக்கலாம்.