புயத்துக்கு ஏற்ற பயிற்சி எது?

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வயது பதினெட்டு. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் புதிதாகச் சேர்ந்திருந்தான். புயம் பருக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு கம்பின் இரு முனையிலும் தகர டின்களை வைத்துச் சிமெண்டு ஊற்றி, அதைத் தினமும் காலை மாலை தூக்கியிருக்கிறான். கையை மடக்கி நெஞ்சு வரை தூக்குவது ஒன்றுதான் அவன் அறிந்த பயிற்சி. புயம் பருக்கவில்லை. முழங்கை வலிதான் மிச்சம். அரிவாள் கம்பைப் பிடிக்க முடியாமல் ஒரு வாரச் சம்பளமும் போயிற்று.

அவனிடம் உறுதிக்குக் குறைவில்லை. பயிற்சியைத் தேர்ந்தெடுத்த முறையில்தான் பிழை.

நேயர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலது கையை மடக்கி, மேற்கையின் முன்பக்கத்தை இடது கையால் தொடுங்கள். அங்கே திரள்வது இருதலைத் தசை. இனி, வலது உள்ளங்கையால் சுவரைத் தள்ளிக்கொண்டே மேற்கையின் பின்பக்கத்தைத் தொடுங்கள். அங்கே இறுகுவது முத்தலைத் தசை. முன்தசை கையை மடக்குகிறது, பின்தசை நீட்டுகிறது. மேற்கையின் பருமனில் பாதிக்கு மேல் இந்தப் பின்தசைதான். அதை மறந்துவிட்டு மடக்கிக்கொண்டே இருந்தால் புயம் எப்படிப் பருக்கும்?

ஆகவே தள்ளும் பயிற்சி ஒன்றும், இழுக்கும் பயிற்சி ஒன்றும் வேண்டும். தள்ளுவதற்குத் தண்டால் போதும். முதலில் சுவரில், பிறகு பெஞ்சில், அதன்பின் தரையில் எடுக்கலாம். இரு கைகளையும் சற்று நெருக்கி ஊன்றினால் பின்தசைக்கு வேலை கூடும். இழுப்பதற்கு, உறுதியான கம்பியை உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, உடலை மேலே தூக்கலாம். அது இயலாதவர்கள் தண்ணீர் வாளியைத் தூக்கி மடக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பலம் கூடக் கூடத் தண்ணீரையும் கூட்டிக்கொள்ளலாம். சிமெண்டு டின்னில் அது முடியாது.

எதைக் கூடுதலாகச் செய்வது? உங்கள் அன்றாட வேலையைப் பாருங்கள். குலை வெட்டுகிறவர் நாள் முழுவதும் கம்பைப் பிடித்து இழுக்கிறார். அவருடைய பிடியும் மடக்கும் தசையும் ஏற்கெனவே களைத்திருக்கும். அவருக்கு முதலில் வேண்டியது தண்டால். பள்ளி மாணவருக்கு இரண்டும் சமமாக வேண்டும். பெண்களுக்கும் இதே முறைதான்.

ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. மொத்தம் மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாள் போதும். அந்த இரண்டும் அடுத்தடுத்த நாள்களாக இருக்கக் கூடாது. தசை வளர்வது ஓய்வில்தான். உணவில் முட்டை, நெத்திலி, பருப்பு, தெம்பே இவற்றில் ஏதேனும் தினமும் இருக்கட்டும். மறுநாள் தசை இறுகி வலித்தால் அஞ்ச வேண்டாம். மூட்டில் குத்தல் வலி வந்தால் உடனே நிறுத்திக் கிளினிக்கில் காட்டுங்கள்.

அந்த மாணவன் வலி தீரும்வரை ஓய்வெடுத்து, பிறகு சுவர்த் தண்டாலில் தொடங்கினான். இன்று தரையில் பன்னிரண்டு எடுக்கிறான். ஒரு நாளும் வேலைக்குத் தவறுவதில்லை. சிமெண்டு டின்கள் அவன் தாயாரின் கோழிக்கூண்டு மூடியின்மேல் பாரமாக இருக்கின்றன.